அளப்பது அற்பமான வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அளவுகளுக்கும் தரங்களுக்குமான அமெரிக்க அரசு நிறுவனமான நிஸ்ட்டுக்குத் துணையாக லாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றை அமைக்கும் மசோதா பற்றிச் சென்ற இதழில் நாலு வரி போட்டிருந்தீர்கள். தராசுக்கும் அளவுகோலுக்கும்கூட உண்டியல் குலுக்கும் நிலை வந்துவிட்டது என்று கடைசி வரியில் கிண்டல் வேறு. நெடுநாள் வாசகன் நான். அந்த ஒரு வரி மனதை மிகவும் உறுத்துகிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல. 1904இல் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்து தீயணைப்புப் படைகள் விரைந்தன. தண்ணீர் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனால் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸின் இணைப்பு அளவு ஊருக்கு ஊர் வேறு. பலவற்றைத் தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயில் மாட்ட முடியவில்லை. சுமார் 1,500 கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் புழங்குவதைக் கண்டறிந்தது, 1901இல் தொடங்கிய இதே நிஸ்ட்தான்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்லிப் கேஜ், அதாவது நீளத்தைச் சரிபார்க்கும் துல்லிய எஃகுக் கட்டைகள் உள்ள பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு கட்டையையும் துடைத்துவிட்டு, அறை 20 டிகிரியில் நிலைக்கும்வரை தொடாமல் காத்திருப்போம். 100 மில்லிமீட்டர் எஃகு, ஒரு டிகிரி கூடினாலே ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீண்டுவிடும். அந்த அறையின் ஏசியைத்தான் மின்செலவு என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள். அளவுக் கருவிகளைத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கேலிபரேஷனே வெட்டிச் செலவாம். அப்புறம் தண்ணீர் பாயும் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டரின் சான்றிதழில் பிழை வரம்பு இல்லை, எந்தத் தேசியத் தரத்தோடு ஒப்பிட்டது என்ற விவரமும் இல்லை என்று அமெரிக்க வாடிக்கையாளர் சரக்கை எடுக்க மறுத்தார். திட்டு வாங்கியது நாங்கள். அந்தக் கிண்டலை இப்போது உங்கள் பக்கத்திலும் படிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இது புதிய ஏற்பாடும் அல்ல. தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் நோய்த் தடுப்பு மையத்துக்கும் அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டமியற்றி அறக்கட்டளைகள் அமைத்திருக்கிறது. நோபல் பெற்ற ஆய்வாளர்கள் வேலை செய்த நிஸ்ட்டின் கட்டடங்களில் பாதிக்கும் மேல் மோசமான நிலையில் இருப்பதாக 2023இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்களே அறிக்கை தந்தன. வெளியிலிருந்து பணம் வந்தால் நல்லதுதான். ஆனால் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அது சாக்காகிவிடக் கூடாது; நன்கொடை தரும் கம்பெனி, தன் சரக்குக்கான நியமத்தில் கை வைக்கவும் கூடாது. நீங்கள் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அதுதானே?

ராக்கெட் கிளம்பினால் அட்டைப்படம் போடுகிறீர்கள், சரி. 2019 மே 20 அன்று கிலோகிராமின் வரையறையே மாறியது. பாரிஸ் அருகே காத்து வைத்திருந்த உலோக உருளையின் இடத்துக்குப் பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண் வந்தது. உங்கள் இதழில் அதற்கு ஒரு பெட்டிச் செய்திகூட இல்லையே ஐயா!

அந்த மசோதாவைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு பக்கக் கட்டுரை வாங்கிப் போடுங்கள். கூடவே, ஒரு நாளில் உற்பத்தியான மின்சாரத்தை இத்தனை மெகாவாட் என்று அச்சிடுவதை நிறுத்தி, மெகாவாட் மணி என்று போடச் சொல்லுங்கள்; மெகாவாட் உற்பத்தியின் வேகத்தைத்தான் சொல்லும், மொத்த அளவை அல்ல. இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோவை வாசகர்