திறந்த மடல்: அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய வரலாற்றுத் தாள் விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரியில் பண்டைய உலக வரலாறு நடத்துகிறேன். பண்டைய ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு நீங்கள் கொடுத்த குறிப்பு நினைவிருக்கும்: திறமையற்ற மன்னர்கள், அரபுப் படையெடுப்பு. அரசர்களுக்கும், பெருநிலமும் படையும் வைத்திருந்த பிரபுக் குடும்பங்களான பெருங்குடிகளுக்கும் நடந்த அதிகாரப் போட்டியை மூன்று பக்கம் எழுதிய என் மாணவிக்குக் கிடைத்தது இரண்டு மதிப்பெண். விடுதிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் விடைத்தாள் நகல் வாங்கினாள், மறுமதிப்பீட்டுக்கும் கட்டினாள். அதே குறிப்பை வைத்துத் திருத்தினால் அதே இரண்டுதானே வரும்? வந்தது.

அவள் எழுதியதில் பிழை எங்கே இருக்கிறது? 496இல் முதலாம் கவாத்தைப் பெருங்குடியினரும் குருமாரும் சேர்ந்து அரியணையிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தார்கள். தப்பிப் போய் ஹெப்தலியர் என்ற மத்திய ஆசிய மக்களிடம் படை வாங்கி வந்துதான் அவர் மீண்டும் அரசரானார். அவர் மகன் முதலாம் குஸ்ரு நிலவரியைச் சீரமைத்து, தெஹ்கான் எனப்பட்ட சிறு நிலக்கிழார்களை வளர்த்துப் பெருங்குடிகளின் பிடியைத் தளர்த்தப் பார்த்தார். ஆனால் 590இல் அந்தக் குஸ்ருவின் மகன் நான்காம் ஹோர்மிஸ்தைக் கவிழ்த்துக் கண்ணைப் பறித்தவர்கள் ஹோர்மிஸ்தின் சொந்த மைத்துனர்கள். அதே ஆண்டு, பெருங்குடிகளில் ஒன்றான மிஹ்ரான் குடியின் தளபதி பஹ்ராம் சோபின், சாசான் வம்சத்தில் பிறக்காதவர், தானே முடிசூடிக்கொண்டார்.

அடுத்த பக்கத்தைத் தயவுசெய்து நீங்களே படியுங்கள். 628இல் இரண்டாம் குஸ்ருவைப் பெருங்குடிகள் கவிழ்த்து மகன் இரண்டாம் கவாத்தை அமர்த்தினார்கள். அவர் தன் சகோதரர்களைக் கொல்லச் செய்துவிட்டுச் சில மாதங்களில் இறந்தார். அடுத்து வந்த சிறுவன் மூன்றாம் அர்தஷிரைத் தளபதி ஷஹர்பராஸ் கொன்றார். சில வாரங்களில் ஷஹர்பராஸும் கொல்லப்பட்டார். பின்னர் அரியணை ஏறிய அரசி ஆசர்மிதுக்த், தன்னை மணக்கக் கேட்ட தளபதி ஃபரூக் ஹோர்மிஸ்தைக் கொல்லச் செய்ததாகவும், அவர் மகன் ருஸ்தம் படையோடு வந்து அரசியைப் பழிதீர்த்ததாகவும் பழைய வரலாற்றாசிரியர் அல்-தபரி எழுதுகிறார். 632இல் மூன்றாம் யஸ்தகிர்தை அரசராக்கியபோது அவரும் சிறுவர்தான். அரபுப் படைகள் வந்தது இதற்கெல்லாம் நடுவில். சிறுவர்களை அரியணையில் உட்காரவைத்தவர்களை விட்டுவிட்டு, அந்தச் சிறுவர்களின் திறமையைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நம் தாள்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். மன்னர் பெயர், போர் நடந்த ஆண்டு, அதோடு முடிந்தது. நிலம் யார் கையில் இருந்தது, குதிரைப்படை யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று கேட்பதே இல்லை. கைடு புத்தகத்தை ஒப்பிக்கிற பிள்ளை எட்டு வாங்குகிறது. நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை இரண்டு வாங்குகிறது. பல வருடமாகப் பொறுத்துக்கொண்டு வருகிறோம்.

கோபத்தில் ஏதும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: விடைக்குறிப்பில் பெருங்குடிகளின் பங்கைச் சேருங்கள், அப்படி எழுதியவர்களின் தாள்களை மறுபடி திருத்தச் சொல்லுங்கள். முதுகலைச் சேர்க்கை முடிவதற்குள் செய்தால் அவளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்