அத்தானின் பிக்கப்பும் கறுப்புப் புகையும்

ஸ்காபரோ, கனடா,
மாசி மாதம்

அன்புள்ள மச்சான்,

நலம்தானே? மாமியின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கச்சி சொன்னாள். பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். இவ்வளவு காலம் எழுதாததற்குத் திட்டுவதை உன் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இப்போது எனக்கு எஞ்சினைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும். இங்கே எல்லோரும் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அத்தானிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. 2002 மாடல், 5.3 லீற்றர், எட்டுச் சிலிண்டர். கோடையில் புல் வெட்டும் மெஷின்களை ஏற்றித் திரிவார். மாரியில் முன்னால் தகட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப் பனியெல்லாம் தள்ளுவார். அதில்தான் அந்தக் குடும்பமே சாப்பிடுகிறது. மார்கழியில் ஒருநாள் வந்து, "தம்பி, இது என்னை விடக் கூடக் குடிக்கிறது" என்றார். அத்தான் தன்னை உதாரணம் காட்டினால் விஷயம் பெரிது என்று உனக்குத் தெரியும்.

போய்ப் பார்த்தேன். சைலன்சர் குழாய்க்குப் பின்னால் வெள்ளைப் பனியில் விசிறி மாதிரிக் கரி படிந்திருந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போதே பெற்றோல் மணம் கண்ணைக் கரித்தது. குளிரில் உடனே பிடிக்கும். ஓடிச் சூடாகி, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திருகினால் பற்றரி களைக்கும்வரை பிடிக்காது. அத்தான் தானாகவே ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார்: அக்சிலேற்றரைத் தரைவரை மிதித்துக்கொண்டு திருகினால் பிடிக்குமாம். அது வித்தை இல்லை. இந்த எஞ்சின்களில் முழுதாக மிதித்துக்கொண்டு திருகினால், சிலிண்டருக்குள் பெற்றோல் நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கொம்பியூட்டர் பெற்றோல் விடுவதை நிறுத்திவிடும். அத்தானுக்குத் தெரியாமலேயே அவர் கால் நோயின் பாதியைச் சொல்லிவிட்டது.

இதற்கு முன்பே ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கானரைக் குத்தினார்கள். பி0172, பி0175 என்று இரண்டு இலக்கங்கள் வந்தன. உடனே நான்கு ஒக்சிசன் சென்சர், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் இரண்டு என்று ஒரு பட்டியல். தொகையைப் பார்த்து அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அந்த இலக்கங்களின் அர்த்தம் இவ்வளவுதான் மச்சான்: எஞ்சினின் இரண்டு பக்கத்திலும் கலவையில் பெற்றோல் கூட. எந்தச் சாமான் பழுது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பெற்றோல் கூடுகிறது என்று காட்டிக்கொடுத்த சென்சரையே மாற்றச் சொல்வது, திருடனைக் கண்டு குரைத்த நாயைப் பிடித்துக் கட்டுவது போன்றது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் கூடக் கோபம்.

நம் பழைய கராஜ் முதலாளி இருந்திருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்திருப்பார். நானும் அதைத்தான் செய்தேன். எட்டும் ஒரே மாதிரி, உலர்ந்த கறுப்பு, விரலில் ஒட்டும் புகைக்கரி. மண்ணெண்ணெய்க் காலத்தில் நீ சாரத்து மடிப்பில் பிளக்கும் உப்புத்தாளும் செருகிக்கொண்டு திரிந்தாயே, அதே கறுப்பு. ஊரில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் ஊற்றிப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய நமக்கு, சரியாக எரியாத எஞ்சினின் மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஓட்டிய வண்டி வைரவர் கோயிலடியில் நின்றுபோனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ஆனால் இந்த எஞ்சினில் நம் பழைய கைவைத்தியம் பாதி செல்லாது. அத்தான் புது எயர் பில்டர் வாங்கி வைத்திருந்தார். பழைய காபரேற்றர் எஞ்சின் என்றால் சரி. பில்டர் அடைத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும். இதிலோ பில்டருக்குப் பின்னால் ஒரு சென்சர் உட்கார்ந்து, உள்ளே வரும் காற்றின் எடையையே அளக்கிறது. காற்றுக் குறைந்தால் பெற்றோலையும் குறைக்கும். அடைத்த பில்டரால் இழுவை குறையலாம், கரி கக்காது. அத்தானின் மனம் நோகாமல் இருக்கப் புதியதைப் போட்டுவிட்டேன்.

இனித்தான் உனக்குச் சொல்ல வந்த விஷயம். என் சின்ன ஸ்கானரில் ஓடும்போதே இலக்கங்களைப் பார்க்கலாம். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும் அல்லவா? எஞ்சின் சூடானபின் கொம்பியூட்டர் எந்நேரமும் அந்த விகிதத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. எரிந்து வெளியேறும் வாயுவில் ஒக்சிசன் மிஞ்சியிருந்தால் பெற்றோலைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். எத்தனை வீதம் கூட்டினேன், எத்தனை வீதம் குறைத்தேன் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். எனக்கு இந்த ஓர் இலக்கம் போதும்.

யோசித்துப் பார். கறுப்புப் புகை வருகிறது, இலக்கமோ பிளஸ் காட்டுகிறது என்றால் கொம்பியூட்டரை யாரோ ஏமாற்றுகிறார்கள். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும், ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், மிஞ்சிய ஒக்சிசனைக் கண்டு அது பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது சென்சரைச் சந்தேகிப்பதிலும் நியாயம் இருக்கிறது. மைனஸ் காட்டினால் கதை வேறு. சென்சர் சரியாகப் பார்க்கிறது, கொம்பியூட்டர் தன்னால் ஆனமட்டும் குறைக்கிறது, அதையும் மீறி எங்கிருந்தோ பெற்றோல் வருகிறது.

அத்தானின் வண்டி சும்மா ஓடும்போது இரண்டு பக்கமும் மைனஸ் 23. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தேன், மைனஸ் 8. அந்த இடத்திலேயே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அக்கா தேநீரோடு வந்து, இவன் ஏன் தனியாகச் சிரிக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஏன் தெரியுமா? பெற்றோல் பிரஷர் கூடியிருந்தாலோ காற்றை அளக்கும் சென்சர் பிழையாக அளந்தாலோ, வேகத்தைக் கூட்டினாலும் மைனஸ் இப்படி வற்றாது. இங்கே வேகம் கூடக்கூடப் பிழை சுருங்குகிறது. ஆக, எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒழுகும் ஒழுக்கு இது. காற்றுக் குறைவாக இருக்கும்போது அது பெரிய பங்கு. காற்றுக் கூடும்போது கரைந்துவிடுகிறது. சிலிண்டருக்குப் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்ரர் ஒன்று ஒழுகினால் ஒரு பக்கம்தான் கெடும். இங்கே இரண்டும் கெட்டிருக்கின்றன. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் சென்சரையும் பார்த்தேன். எஞ்சின் குளிராக இருக்கிறது என்று அது பொய் சொன்னால், சோக் இழுத்த மாதிரிப் பெற்றோல் கூடிக்கொண்டே இருக்கும். அது ஒழுங்காக 90 பாகை காட்டியது.

மிஞ்சியவை இரண்டு. பெற்றோல் தாங்கியின் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு ஒன்று. பிரஷர் றெகுலேற்றர் மற்றது. வால்வின் குழாயைக் குறட்டால் நசித்துப் பிடித்தேன்; இலக்கம் அசையவில்லை. றெகுலேற்றர் இன்ஜெக்ரர்களுக்குப் போகும் இரும்புக் குழாயின் மேல் இருக்கும் சின்னச் சாமான். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் எஞ்சினின் உறிஞ்சல். அந்த உறிஞ்சல் வரும் கறுப்பு இறப்பர்க் குழாய் சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை. உள்ளே காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. மெல்லத் திருகிக் கழற்றினேன். நுனியில் ஒரு துளி திரண்டு என் விரலில் விழுந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு பாகை. அந்தத் துளி அதைவிடக் குளிர்ந்து, தோலை இழுத்துக்கொண்டு ஆவியாகிப் போனது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் முகர்ந்தேன்.

சவ்வு கிழிந்திருந்தது. எஞ்சின் பச்சைப் பெற்றோலை அந்தக் குழாய் வழியாக நேரே உறிஞ்சிக் குடித்திருக்கிறது. நிறுத்தினாலும் குழாயில் மிஞ்சிய பிரஷரால் கொஞ்ச நேரம் உள்ளே வடிந்திருக்கிறது. சூட்டில் பிடிக்காததற்கும் அத்தானின் மிதிக்கும் அதுதான் காரணம். மனத்திருப்திக்குப் பிரஷர் அளவுமானியையும் பூட்டிப் பார்த்தேன். பம்பை நிறுத்தியதும் முள் நிற்காமல் இறங்கியது.

மச்சான், இனி எழுதுவதில் பகிடி இல்லை.

எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்கு மேலே, பெற்றோல் மணம். சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, மாற்றலாம். மருமகன் காலையில் வேலைக்குப் போகுமுன் தகப்பனுக்காக அந்த வண்டியைச் சூடாக்குகிறான். எங்கே தெரியுமா? வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள், கதவைப் பாதி தூக்கிவிட்டு. பெற்றோல் கூடிக் காற்றுப் போதாமல் எரிந்தால் வருவது கார்பன் மொனொக்சைட். கொன்வேற்றர் அதைச் சுத்தமாக்க ஒக்சிசன் வேண்டும். இந்தப் புகையில் அது இல்லை. குளிர்ந்த கொன்வேற்றர் வேலையும் செய்யாது. மணமும் நிறமும் இல்லாத நஞ்சு. கராஜுக்கு நேர் மேலே இரண்டு பெண்பிள்ளைகளும் படுக்கிறார்கள். ஒன்ராறியோவில் 2014 முதல் ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளில் இதற்கு எச்சரிக்கை மணி கட்டாயம். அங்கேயும் இருந்தது. அடிக்கடி கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டிருந்தார்கள்.

அத்தானைப் பார்த்துக் குரலை உயர்த்திப் பேசினேன். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அக்கா குசினி வாசலில் நின்றாள், எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. அத்தான் எழுந்து போய் லாச்சியைத் திறந்து பற்றரியைத் தேடிப் போட்டார். அது உடனே ஒரு கத்துக் கத்திச் சோதித்துக்கொண்டது. இப்போது பிக்கப் தெருவில்தான் சூடாகிறது. மருமகன் குளிரில் நின்று என்னைச் சபிக்கிறான், சபிக்கட்டும்.

றெகுலேற்றரை மாற்றுவது பெரிய வேலை இல்லை. பிரஷரை இறக்கி, ஒரு வளையத்தைக் கழற்றி, பழையதை இழுத்துப் புதியதன் இறப்பருக்கு எண்ணெய் தடவி அழுத்தினால் சரி. செலவு அந்தக் கராஜ்காரர் சொன்ன தொகையில் ஒரு மூலைக்கும் வராது. எண்ணெயும் பில்டரும் மாற்றி, பிளக் புதிதாகப் போட்டு, கொம்பியூட்டர் எழுதி வைத்திருந்த பழைய கணக்கை அழித்துவிட்டு ஓடவிட்டேன். மைனஸ் இரண்டுக்கும் பிளஸ் மூன்றுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கிறது. கொன்வேற்றர் உருகிப் போயிருக்குமோ என்றுதான் பயந்தேன், பச்சைப் பெற்றோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு இளகி அடைத்துவிடும். கொன்வேற்றருக்குப் பின்னால் இருக்கும் சென்சரின் கோடு ஸ்கானரில் ஆடாமல் நிற்கிறது, கொன்வேற்றர் உயிரோடுதான் இருக்கிறது.

அத்தான் இப்போது தெரிந்தவர் எல்லோருக்கும் என்னைச் சிபாரிசு செய்கிறார். இரவில் பாண் தொழிற்சாலை, பகலில் இந்த வண்டி வைத்தியம் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. கசப்பாகச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் என் கைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. அந்தத் துளி விரலில் விழுந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நீயாக இருந்தால் மைனஸும் பிளஸும் இல்லாமலே குழாயைக் கழற்றியிருப்பாய், பிறகு ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லிக்காட்டியும் இருப்பாய்.

உன் வான் புகைக்கிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு பக்கத்துக்குக் கோயில் நிர்வாகத்தைத் திட்டியிருந்தாய். என்ன நிறப் புகை? கறுப்பு என்றால் பெற்றோல், நீலம் என்றால் எண்ணெய், எஞ்சின் தலை வெடிப்பில் தண்ணீர் போனால் வெள்ளை, தண்ணீரில் கூலன்ற் கலந்திருந்தால் இனித்த மணமும் வரும். காலையில் முதல் தடவை பிடிக்கும்போது மட்டுமா, ஏற்றத்திலுமா, அக்சிலேற்றரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போதா? பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதுவரை ஒரு சாமானும் வாங்காதே, குறிப்பாக மாஸ்ரரின் மகன் சொல்லும் எதையும் வாங்காதே.

அன்புடன்,
உன் நெட்டையன்