குவிமாடத்துக்கு முன் கூரையின் கசிவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெம்போல் வட்டாரத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் வசிப்பவன் நான். எங்கள் பள்ளிவாசலின் கான்கிரீட் மடிப்புக் கூரையை இடித்துவிட்டுத் தங்க நிறக் குவிமாடம் எழுப்பலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. முப்பது ஆண்டுகள் கம்பி கட்டிக் கான்கிரீட் வார்த்தவன் என்ற முறையில் இதைக் கேட்டு மனம் வருந்துகிறேன்.

1965 ஆகஸ்டு 27இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலில் வெங்காய வடிவக் குவிமாடம் கிடையாது. பாதி விரிந்த குடையைப் போன்ற அதன் கூரையின் பதினெட்டு முனைகளும் மலேசியாவின் பதின்மூன்று மாநிலங்களையும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளையும் குறிக்கின்றன. மடித்த காகிதம் எடை தாங்குவதைப் போல, மடிப்புகளே அந்தக் கூரைக்கு வலிமை தருகின்றன. 1987 சீரமைப்பில் அதன் இளஞ்சிவப்பு நிறம் நீலமாக மாறியபோதும் வடிவத்தில் யாரும் கை வைக்கவில்லை. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே, சிரம்பான் ஏரிப் பூங்காவை ஒட்டி 1967இல் எழுந்த மாநிலப் பள்ளிவாசல் ஒன்பது தூண்களோடு நிற்கிறது. சிறுவனாக இருந்தபோது அத்தாவோடு அங்கே ஜும்ஆவுக்குப் போய், தூண்களை விரல்விட்டு எண்ணியது இன்றும் நினைவிருக்கிறது. புதிதாக விடுதலை பெற்ற நாடு, யாரையும் பார்த்து நகலெடுக்காமல் தனக்கென ஒரு வடிவத்தைத் தேடிய காலம் அது. எங்கள் சிறிய பள்ளிவாசலும் அந்தக் காலத்தின் பிள்ளைதான்.

கூரை பழுதாகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு மேலே கான்கிரீட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. அதன் பக்கத்தில், அன்று கான்கிரீட் வார்க்க அடைத்த பலகைகளின் மர வரிகள் இன்னும் அழியாமல் பதிந்திருக்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளிறங்கிக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும்போது கம்பி தன் காப்பை இழக்கிறது. மழைநீரும் சேர்ந்தால் துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதற்கு மருந்து உண்டு. அடைபட்ட நீர்த்தாரையைச் சரிசெய்து, பெயர்ந்த பகுதியைக் கொத்தி, கம்பியின் துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் புதுக்கம்பி இணைத்து, பொருத்தமான கலவையால் பூச வேண்டும். மேலே பளபளப்பான ஓடு பதித்து மூடுவதுதான் ஆபத்து. ஈரம் உள்ளேயே தங்கும், விரிசலும் கண்ணுக்குத் தெரியாது.

ஜமாஅத்தாரை நான் வேண்டுவது இதுதான்: வேலையைக் குத்தகைக்காரரிடம் விடுவதற்கு முன், பழைய கான்கிரீட்டில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரை அழைத்துக் கூரையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இன் கீழ் இக்கட்டடத்தைப் பதிவு செய்ய முடியுமா என்றும் விசாரியுங்கள். அதுவரை இடிப்பு வேலை எதுவும் தொடங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெம்போல் வாசகர்
நெகிரி செம்பிலான்