மலைக்கு வருவதற்கு முன் அந்த ஸ்க்ரூவைத் திருகாதே

அன்புள்ள மாப்ள முருகேசு,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை, மாடி ஏறுவதுதான் கஷ்டம், அதனால் கீழ் அறைக்கே கட்டிலை இறக்கிவிட்டோம். மாம்பழ சீசன் முடிந்துவிட்டது, உனக்கென்று எடுத்துவைத்த மல்கோவாவைப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள். செவ்வாப்பேட்டை கதிர் கொலுசுப் பட்டறையைப் பாதியாகக் குறைத்துவிட்டான். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் கடைக்காரர்கள் ஆர்டரையே சுருக்கிவிட்டார்களாம். மனுஷன் அசரவில்லை, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

சரி, சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். "முன்னால கியரே வேண்டாம், அந்த டெரெய்லரைக் கழற்றிப் போட்டுடுங்க, இப்ப யாரு வைக்கிறா" என்று உன் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. (டெரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் பாகம்.) 2012-ல் ஸ்ராம் என்ற சைக்கிள் பாக கம்பெனி எக்ஸ்எக்ஸ்1 என்ற கியர் செட்டைக் கொண்டுவந்தது: முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 பல்லில் ஆரம்பித்து 42 பல் வரை 11 சக்கரம். அதற்கப்புறம் மலை சைக்கிள்களில் முன் டெரெய்லர் குறைந்துகொண்டே வந்தது நிஜம்தான். ஆனால் அங்கே பின்னால் 42 பல் இருக்கிறதே. உன் வண்டியில் பின்னால் பெரியதே 28 பல்தான், முன்னால் 42, 34, 24 என்று எழுதியிருக்கிறாய். டெரெய்லரைக் கழற்றிவிட்டு 42-லேயே ஓட்டினால், பின்னால் 28-ல் போட்டாலும் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி மூன்று மீட்டர் நகரணும். உன் 26 இஞ்ச் சக்கரத்துக்கு அதையே 24-க்கு இறக்கினால் ஒன்றேமுக்கால் மீட்டர் நகர்ந்தால் போதும். ஓசூருக்குள் ஆபீஸ் போய்வரும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் ஏறப்போகும் ஏற்காடு 1500-க்கும் மேலே, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. நம் வயசுக்கு அந்தச் சின்னப் பல்சக்கரம் இல்லாமல் மேலே போவது என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகணும்.

அதனால் கழற்றாதே. ஆனால் அவர் டெரெய்லரில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் இஷ்டத்துக்குத் திருகிவிட்டு, இப்போது செயின் உள்பக்கம் ஃப்ரேமுக்கும் சின்னச் சக்கரத்துக்கும் நடுவில் விழுகிறது என்கிறாய் பார், அதில்தான் எனக்குக் கோபம். எல்லோரும் முதலில் கை வைப்பது அந்த ஸ்க்ரூவில்தான், ஏனென்றால் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருக்கிறது. எல், எச் என்று பக்கத்தில் எழுதியிருக்கும் அந்த இரண்டும் டெரெய்லரை நகர்த்துவதே இல்லை, உள்ளே இதுவரை, வெளியே இதுவரை என்று வேலி போடுவதோடு அதன் வேலை முடிந்தது. நகர்த்துவது ஸ்பிரிங்கும் ஒயரும். டெரெய்லரே கோணலாக நின்றால் வேலியை எங்கே போட்டு என்ன பயன்?

ஆகவே முதலில் உயரம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்காதே, ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி சீட்டைத் தொங்கவிடு, பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றினால் போதும். டெரெய்லரில் செயினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தகடு இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு நேர்மேலே அதன் வெளித்தகடு வரும்படி கையால் இழுத்துப் பார். பல்லின் நுனிக்கும் தகட்டின் அடிவிளிம்புக்கும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், அது சுலபமாக நுழைந்து, இரண்டைச் சேர்த்து நுழைத்தால் பிடிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் மேலிருந்து பார்த்தால் வெளித்தகடும் பல்சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியணும். பழைய வண்டி வாங்கியிருக்கிறாய், சுவரில் சாய்த்துச் சாய்த்து, டெரெய்லரைச் சீட் குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்ப் திரும்பியிருக்கும் என்பது என் சந்தேகம். கிளாம்பைத் தளர்த்துவதற்கு முன் கியர் ஒயரை அவிழ்த்துவிடு, இல்லாவிட்டால் இழுவிசையில் அதுவே திரும்பிக்கொள்ளும். தகடே வளைந்திருந்தால் வேறு டெரெய்லர்தான், அதற்குக் கிளாம்ப் அளவு தெரியணும். 28.6, 31.8, 34.9 மில்லிமீட்டர் என்று மூன்று உண்டு, சீட் குழாயை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள். உன்னிடம் இல்லையென்றால் கதிரிடம் இருக்கிறது.

ஒயர் அவிழ்ந்திருக்கும்போதே எல் ஸ்க்ரூவைப் பார்த்துவிடு. செயினை முன்னால் சின்னதிலும் பின்னால் பெரியதிலும் போடு. டெரெய்லரின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மில்லிமீட்டர் இருந்தால் போதும், உரசாமல் இருக்கணும், அதற்கு மேல் இடம் கொடுக்காதே. கடிகார முள் போகும் திசையில் திருகினால் வேலி இறுகும், எதிர்த்திசையில் தளரும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருகு. மலைக்கு வருகிறவனுக்கு இந்த ஸ்க்ரூதான் உயிர். வளைவில் ஏற்றம் திடீரென்று கூடும் இடத்தில் சின்னதுக்கு இறக்குகிறபோது செயின் உள்ளே விழுந்தால், மிதி வெறுமனே சுற்றும், வண்டி நின்றுபோகும், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். சொல்லவேண்டியதில்லை.

இனி ஒயர். ஹேண்டிலில் கியர் மாற்றும் இடது ஷிஃப்டரைச் சின்னப் பல்சக்கரத்து நிலையில் வைத்து, அங்கே ஒயரின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழை முழுக்க உள்ளே திருகிவிட்டு ஒரு சுற்று மட்டும் வெளியே எடு, ஒயரைக் கையால் இழுத்துப் பிடித்து, டெரெய்லரில் அதைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கு. முழு பலத்தையும் போடாதே, 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்தான் அதன் அளவு, ஒயர் நசுங்கினால் இழை இழையாகப் பிரியும். பிறகு முன்னால் பெரியதுக்கும், பின்னால் சின்னதுக்கும் மாற்றி எச் ஸ்க்ரூவைப் பார், அதே அரை மில்லிமீட்டர், இந்த முறை வெளித்தகட்டுப் பக்கம். பெரியதுக்கு ஏறவே மறுத்தால் உடனே எச்சைத் தளர்த்தாதே, பெரும்பாலும் ஒயரில் இழுவை போதாததுதான் காரணம். குமிழை எதிர்த்திசையில் அரைச்சுற்று வெளியே எடுத்தால் ஏறிவிடும். கடைசியாக முன்னால் நடுச் சக்கரம், பின்னால் பெரியது. அங்கே உள்தகடு உரசினால் அதைச் சரிசெய்வது குமிழ் மட்டும்தான், ஸ்க்ரூ இரண்டுக்கும் அங்கே வேலையே இல்லை. உன் கடைக்காரர் வழி தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் முன்னாலும் பின்னாலும் பெரியது, இல்லை இரண்டிலும் சின்னது என்று போட்டால் கொஞ்சம் உரசத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, செயின் அவ்வளவு குறுக்காக ஓடுகிறது, அப்படி ஓட்டுவதை நிறுத்திவிடு. செயினையும் ஒருமுறை அளந்து பார்: ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதைச் சேர்க்காமல் எண்ணி வரும் 24-ஆவது பின்னின் நடு வரை சரியாக 12 இஞ்ச் வரணும், 1/16 இஞ்ச் கூடியிருந்தால் மாற்றிவிடு. தேய்ந்த செயினை வைத்துக்கொண்டு டெரெய்லரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஓட்டும்போது ஒரு விஷயம். ஏற்றத்தில் முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றாதே. வளைவு எண் போட்ட பலகை கண்ணில் பட்டதும், தரை இன்னும் சமமாக இருக்கும்போதே, காலைக் கொஞ்சம் லேசாக்கி இறக்கிவிடு. பின் கியர் அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கும், முன்னது தாங்காது, ஏனென்றால் அது தள்ளுவது செயினின் இழுபடும் பக்கத்தை.

எப்போது வருகிறாய்? மே மாதக் கோடை விழா சமயம் என்றால் வேண்டவே வேண்டாம், அந்த நாட்களில் ரோடு நமக்குச் சொந்தமில்லை. மழை ஓய்ந்து டிசம்பர், ஜனவரி என்றால் கோரிமேட்டிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பலாம், கீழே இறங்கியதும் தட்டுவடை செட் என் செலவு. வரும்போது ஒரு புதுக் கியர் ஒயர் வாங்கிக்கொண்டு வா, உள்கம்பி 1.2 மில்லிமீட்டர், மேல் குழாய் 4 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் பிரேக் ஒயரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், அது தடிமன் அதிகம், ஷிஃப்டருக்குள் நுழையாது.

அன்புடன்,
பழனி
அஸ்தம்பட்டி, சேலம்