தியாகராச விலாசம் இருந்த தெருவில் ஒரு கல் வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சிக்கும் தமிழ் வளர்ச்சித் துறைக்கும் வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழை பார்க்கிற இந்த வேலைதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும், ஓலை ஏடுகளில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி எடுத்து அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் குலதெய்வம் மாதிரி. அவருக்காக இந்த நகரம் வைத்திருக்கிற ஒரு சிலையைப் பற்றியும், காப்பாற்றாமல் விட்டுவிட்ட ஒரு வீட்டைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும்.

மாநிலக் கல்லூரி வளாகத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கிறதே, அந்த முழு உருவச் சிலை 1948இல் வைக்கப்பட்டது. அவர் காலமாகி ஆறு வருடம் கழித்து. பொருத்தமான இடம்தான். கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903இல் மாற்றலாகி வந்தவர் 1919 வரை இங்கேதான் தமிழ் கற்பித்தார். சிலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் எதிரே நின்று ஒரு பள்ளிப் பிள்ளை, "இந்தத் தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்டால், நின்றுகொண்டிருக்கும் சிலையைக் காட்டி என்ன சொல்வது? அவர் செய்தது உட்கார்ந்து செய்கிற வேலை. ஒருவர் ஒரு ஏட்டை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் வேறொரு பிரதியில் கண்ணோட்டி வர, எழுத்து மாறுகிற இடத்தில் நிறுத்தி, பேதத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி தொடங்குகிற வேலை. அது நடந்த இடம் கல்லூரி இல்லை, வீடு.

அந்த வீடு திருவல்லிக்கேணியில், திருவேட்டீசுவரன்பேட்டை பிள்ளையார் கோயில் தெருவில் இருந்தது. முதலில் வாடகைக்கு இருந்தார், பிறகு சொந்தமாக வாங்கினார். 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். 1880இல் தான் ஓய்வு பெறும்போது கும்பகோணம் கல்லூரி வேலையை இவருக்கு வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரின் பெயர் அது. தனக்கு வேலை வாங்கித் தந்தவர் பெயரை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாழ்ந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937. அவர் பதிப்பித்த இவை எல்லாம் அவர் அந்த வீட்டில் இருந்த காலத்தில் வெளிவந்தவை. குறுந்தொகை வந்தபோது அவருக்கு வயது 82. 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது அவரும் வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார். அந்த ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். திருவல்லிக்கேணிக்குத் திரும்பவே இல்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதி வந்த 'என் சரித்திரம்' முடிவு பெறாத நூல். 1899 வாக்கில் நின்றுபோகிறது. சூரியமூலையில் பிறந்ததில் தொடங்கி, திருவாவடுதுறை மடம், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம், அவரைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரைக் கும்பகோணத்தில் சந்தித்தது, சீவக சிந்தாமணி ஏடு தேடி அலைந்தது வரை அவர் வாயாலேயே கேட்கலாம். ஆனால் சென்னையில் வாழ்ந்த நாற்பது வருடத்தை எழுத அவருக்கு ஆயுள் போதவில்லை. அந்த நாற்பது வருடத்துக்குச் சாட்சியாக இருந்தது அந்த வீடு. அதைத்தான் 2012இல் இடித்தார்கள்.

யார் செய்தது, யார் தடுத்திருக்க வேண்டும் என்று கிளறுவது என் நோக்கமில்லை. வாரிசுகளுக்குச் சொந்தமான வீட்டை அவர்கள் என்றென்றைக்கும் ஊருக்காகக் கட்டிக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் ஆகாது. அரசு வாங்கியிருந்தால்தான் நின்றிருக்கும். அதே திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் குடியிருந்த வீட்டை அரசு வாங்கி நினைவு இல்லமாக்கியது. இன்றும் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். உத்தமதானபுரத்திலும் ஐயருக்கு அரசு நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. சிறு வயது கழிந்த ஊருக்கு அந்த மரியாதை கிடைத்தது. உழைப்பின் பெரும்பகுதி நடந்த தெருவுக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு மாலை அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். வரிசையாக நிறுத்திய பைக்குகள், கேன் தண்ணீர் இறக்கும் வண்டி, ட்யூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். இரண்டு முறை நடந்து பார்த்தும் ஐயரின் பெயர் என் கண்ணில் எங்கும் படவில்லை. இஸ்திரி போடுகிற பெரியவரிடம் கேட்டேன். "சாமிநாதையர் வீடா? எந்த ஃப்ளாட்டுங்க?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அவருக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

போன வீட்டைத் திருப்பிக் கட்டச் சொல்லவில்லை. பழைய வீடு மாதிரியே புதிதாக ஒன்று கட்டினால் அது பொய்யாகத்தான் இருக்கும். நான் கேட்பது தெருவோரத்தில் ஒரே ஒரு கருங்கல். உட்கார்ந்து படிக்கிற உயரத்தில், முன்னால் ஒரு திண்ணையோடு. அந்தக் கல்லில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மெய்ப்புத் திருத்துபவனாக நிறைய யோசித்திருக்கிறேன்.

மார்பளவுச் சிலை வேண்டாம், பிறந்த தேதியும் பட்டங்களும் நிறைந்த பட்டியலும் வேண்டாம். இரண்டே வரி போதும். மேல் வரி, ஓலையை நீளவாக்கில் செதுக்கியது போல ஒடுங்கிய பட்டையில், ஏட்டில் இருப்பது மாதிரியே:

யரதுமூரெயரவருஙகெளிர

கீழ் வரி, அவர் 1894இல் புறநானூறு அச்சிட்டதிலிருந்து நாம் படிக்கிற மாதிரி:

யாது மூரே யாவருங் கேளிர்

இந்த இரண்டு வரியையும் பார்க்கும் பிள்ளைக்கு, எதுவும் சொல்லித் தராமலே பாதி விளங்கிவிடும். ஏட்டில் புள்ளி கிடையாது, எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும் என்று வைக்க மாட்டார்கள். துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே கோடு. குறில் கொம்பா (ெ) நெடில் கொம்பா (ே) என்று தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதே சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு இந்த வரி மனப்பாடம், அதனால் படித்துவிடுகிறோம். அதற்கு முன் கேட்டே இராத ஒரு பாட்டை, பூச்சி அரித்து நடுவில் ஓட்டை விழுந்த ஓலையில் இப்படிப் பார்த்தால் எங்கே பிரிப்பது? மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வந்து சேர ஒரு மனிதர் எத்தனை இரவு விழித்திருப்பார் என்பது அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் தெரியும்.

கீழே ஓரமாக, அடிக்குறிப்பு அளவு எழுத்தில், 'தியாகராச விலாசம் இந்தத் தெருவில் இருந்தது' என்று மட்டும் இருக்கட்டும். அவர் பதிப்புகளில் அடிக்குறிப்புக்கு இருந்த மரியாதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சிறிய எழுத்து குறைவாகத் தோன்றாது. பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்க, ஏட்டு வரியை ஆழமாகவே வெட்டுங்கள்.

மாநகராட்சிக்கு இது பெரிய செலவே இல்லை, ஒரு பேருந்து நிழற்குடையை விடக் குறைவாகத்தான் ஆகும். பிப்ரவரி 19, அவர் பிறந்த நாளை, தமிழ் இலக்கிய மறுமலர்ச்சி நாளாகக் கொண்டாடப்போவதாக 2025இல் அரசே அறிவித்தது. மெரினாவில் மாலை போட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரு நடை திருவல்லிக்கேணிக்கும் வர ஓர் இடம் அமையும். அவர் ஏடுகள், அவர் பெயரால் 1943இல் தொடங்கி இப்போது பெசன்ட் நகரில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. கல்லுக்கு எந்த ஏட்டைப் பார்த்து வெட்டுவது என்பதை அங்கே கேட்டு முடிவு செய்யலாம். நான் மேலே எழுதியிருப்பது ஏட்டு முறைக்கு என் கையால் போட்ட மாதிரி. நிஜ ஏட்டின் எழுத்து இன்னும் அழகாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள் மிச்சம். கல்லில் வெட்டும் முன் வரைவைத் தாளில் எடுத்து, ஏடு படிக்கத் தெரிந்த இருவரிடம் கொடுத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து ஒப்புநோக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நானும் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகன் ஒருவன்