ஏஜென்சிக்குள் வேலைக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே பினாங்கு ஜெலுத்தோங்கில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு விளம்பர ஏஜென்சிக்குள்ளேயே உட்கார்ந்து ஃப்ரீலான்ஸ் ஆர்ட் டைரக்டராக வேலை பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஏஜென்சியில் வேலை செய்தவன் இல்லை. ஆனால் அச்சகத்தில் இருந்த காலமெல்லாம் அவர்களுடைய வேலை என் கை வழியாகத்தான் போனது. வெளியிலிருந்து வந்த டிசைனர்களில் யாரை மறுபடி கூப்பிட்டார்கள், யாரை அதோடு விட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் மகா திறமைசாலிகள் என்று சொல்ல மாட்டேன். வேலையைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

ஒரு தீபாவளி சமயம் கோலாலம்பூர் ஏஜென்சி ஒன்றிலிருந்து போஸ்டர் வந்தது. அழகான கோலம், அழகான நிறம். நடுவில் ‘இன்பம் பொங்கட்டும்’ என்ற வரியில் மட்டும் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அந்த ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போன் செய்தேன். டிசைன் செய்த ஃப்ரீலான்சர் வேலை முடிந்து போய்விட்டார், போனை எடுக்கவில்லை. ஃபைலில் எழுத்துரு இல்லை, திருத்தவும் வழியில்லை. ராத்திரி வரைக்கும் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள்.

அதே ஏஜென்சிக்கு வந்த இன்னொரு பெண் வேறு மாதிரி. அவர் அனுப்பும் ஃபோல்டரில் எழுத்துரு இல்லாமலே சரியாகத் தெரியும்படி எழுத்தை அவுட்லைன் செய்த, அதாவது வடிவமாக மாற்றிய, ஃபைல் ஒன்று, திருத்தக்கூடிய ஃபைல் ஒன்று, எழுத்துருக்கள், தமிழ் வரி எப்படித் தெரிய வேண்டும் என்று காட்டும் ஒரு பிடிஎஃப் எல்லாம் இருக்கும். வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விட்டிருப்பார். படங்கள் எல்லாம் அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கேயில் இருக்கும். நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்காது. வருடா வருடம் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்டிசைனோ இல்லஸ்ட்ரேட்டரோ, தமிழ் ஒட்டுவதற்கு முன்னால், கொம்பும் காலும் சரியான இடத்தில் விழ, வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றிக்கொள். ஒட்டிய பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் படி. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழியிலும் விளம்பரம் போடும் நாட்டில், அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் பெரும்பாலும் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அது உன் வேலையாக இல்லாவிட்டாலும் வாயைத் திறந்து சொல். சின்ன வயதில் பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரம் வந்தால் டிவி முன்னால் ஓடி வருவாயே, அவற்றில் பலவற்றை எடுத்த யாஸ்மின் அகமது லியோ பர்னெட் ஏஜென்சியில் கிரியேட்டிவ் டைரக்டராக இருந்தவர்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்று கவனித்தவர். அந்தக் கவனம் உனக்கும் உண்டு.

அப்புறம், உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பது பற்றி. நிரந்தர ஊழியர்களில் சிலர், இவள் நம் நாற்காலிக்குத்தான் வந்திருக்கிறாளோ என்று நினைப்பார்கள். அது இயற்கை. ஜூனியர் பையன் கொடுத்த ஐடியா என்றால் கிரியேட்டிவ் டைரக்டர் முன்னால் அவன் பெயரைச் சொல். அங்கே இருக்கும் கோஷ்டிச் சண்டையில் தலையிடாதே. கிளையன்ட்டிடம் நேரில் பேசித் திட்டு வாங்குவது அக்கவுண்ட் சர்வீசிங் பிள்ளைகள்தான், அவர்களிடம் பொறுமையாகப் பேசு. என்ன வேலை என்று சொல்லும் பிரீஃபை வாங்கும்போதே யார் கடைசியாக ஓகே சொல்வார், எத்தனை தடவை திருத்தலாம் என்று கேட்டுவிடு. முதல் நாள் சாயங்காலமே இரண்டு மூன்று யோசனைகளைப் பென்சிலில் கிறுக்கிக் காட்டு. மெருகேற்றி மூன்றாம் நாள் காட்டி, “இது இல்லையே” என்று கேட்பதைவிட அது நல்லது.

காசு விஷயம். நாள் கூலி கேட்கும்போது பழைய சம்பளத்தை 22 நாளால் வகுத்துச் சொல்லிவிடாதே. 5,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் நாளுக்கு 227 வெள்ளி வரும், கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சம்பளத்தோடு முதலாளி உன் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப்-க்கு 13 விழுக்காடு கட்டினார். அது 650 வெள்ளி. பொது விடுமுறைக்கும் காய்ச்சல் நாளுக்கும் சம்பளம் வந்தது. ஃப்ரீலான்சில் மாதம் 15 நாள் வேலை கிடைத்தாலே நல்ல மாதம். 5,650-ஐ 15-ஆல் வகுத்துப் பார், 377 கிட்ட வரும். அதற்குக் கீழே போகாதே, தயங்காமல் கேள்.

பி.ஓ., அதாவது ஏஜென்சியின் எழுத்து மூலமான வேலை ஆர்டர், கையில் வராமல் வேலையை ஆரம்பிக்காதே. ஒப்படைத்த அன்றே ஜாப் நம்பர் போட்டு இன்வாய்ஸ் அனுப்பிவிடு. கிளையன்ட் கொடுத்த பிறகுதான் கொடுப்போம் என்று சொல்வார்கள். எத்தனை நாளுக்குள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடு. அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவரின் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 26-ஆவது பிரிவைப் பார். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நீ செய்து கொடுக்கும் வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்குப் போய்விட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஃப்ரீலான்சர் என்பதால் எல்லாம் என்னுடையது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இரண்டு வரி கேட்டு வாங்கு. விளம்பரம் வெளிவந்த பிறகு அதை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்பது ஒன்று. அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய யோசனைகள் எனக்கே சொந்தம் என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இரண்டாவதற்கு யோசிப்பார்கள். மரியாதையாகக் கேள், கிடைக்காவிட்டாலும் எது யாருடையது என்று தெரிந்துகொண்டு வேலை செய்வாய்.

வருமான வரிக்கு இனிமேல் சம்பளக்காரர்களின் பிஇ பாரம் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்களின் பி பாரம். கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், ஒரு பெட்டி போட்டு வை. இபிஎஃப்-இல் ஐ-சாரான் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நீயாகக் கட்டினால் அரசாங்கமும் வருடத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடும். விட்டுவிடாதே.

பண்டிகை நாட்காட்டியைச் சுவரில் ஒட்டிக்கொள். ஏஜென்சிகள் வெளியாளைத் தேடுவது பண்டிகைக்கு முந்தின மாதங்களில்தான். நோன்புப் பெருநாள் வருடம் 11 நாள் போல முன்னால் நகர்கிறது. 2026-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, பெருநாள் மார்ச்சிலேயே. அப்படி இரண்டும் நெருங்கி வரும் வருடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அப்புறம் போன் அடிக்காது. அந்த அமைதியான மாதங்களுக்குப் பணம் ஒதுக்கி வை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன். காலையில் பசியாறாமல் வேலைக்கு ஓடாதே, அம்மா இதைக் கண்டிப்பாக எழுதச் சொன்னாள். தீபாவளிக்கு பட்டர்வொர்த் வரும் இடிஎஸ் ரயில் டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடும். விற்பனை திறந்ததும் போட்டுவிட்டு எந்த ரயில் என்று சொல், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா