ஆகஸ்டில் வந்த உலர்த்தி

கிருஷ்ணகிரி,
ஆகஸ்ட் 18

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் குற்றமே. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினை மாந்தோலிலிருந்து எடுக்க, மாம்பழக் கூழ் ஆலையுடன் சேர்ந்து எங்கள் கல்லூரி செய்யும் ஆய்வுக்கான உலர்த்தி நேற்று வந்து சேர்ந்தது. சிரிக்காதே. ஊழியர்கள் அதற்குச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழமும் நறுக்கிவிட்டார்கள். உள்ளே பரப்பி வைக்கத்தான் ஒரு மாந்தோல்கூட இல்லை. கூழ் ஆலைக்கு மே முதல் ஜூலை வரைதான் ஆண்டு என்று நீ அன்றே எச்சரித்தாய். ஆலை பிப்ரவரியிலேயே பணம் அனுப்பியும், மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, இரண்டு முறை தள்ளிப்போன நிதிக்குழுவுக்காகக் காத்திருந்து, நாங்கள் கொள்முதல் ஆணை அனுப்பியபோது ஜூன் பாதி கடந்திருந்தது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு சந்தையில் வாங்கிய பழத்தை என் ஆய்வு மாணவி தானே சீவி, ஒரு மணி நேரத்துக்குள் தோலை வெந்நீரில் முக்கி எடுத்தாள். அதன் சாற்றில் ஆல்கஹால் ஊற்றியதும் பெக்டின் நுங்கு போலத் திரண்டு வந்தது. இந்த ஜூனில் ஆலையிலிருந்து வந்த பெங்களூரா மாம்பழத் தோலோ, காலை முதல் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து, ஈ மொய்த்து, மாலையில் டிராக்டர் ஏறும்போதே புளித்திருந்தது. உடனே வெந்நீரில் போடாவிட்டால், பழுத்த தோலிலுள்ள நொதிகள் அதற்குள் பெக்டினை அறுத்துவிடுகின்றன. ஆல்கஹால் ஊற்றினோம், நூல் நூலாகச் சிறிது தெரிந்து, பிறகு வெறும் கலங்கல்தான். "சார், உங்கள் பெக்டின் கல்லூரியில் மட்டும்தான் வருமா?" என்று ஆலை மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லூரிச் சின்னத்தை எந்த அளவில் அச்சிட வேண்டும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ஒதுக்கிய நாங்கள், தோலை எத்தனை மணி நேரத்துக்குள் யார் வெந்நீரில் போடுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

இவையெல்லாம் அடுத்த சீசனில் சரியாகிவிடும். என் தூக்கத்தைக் கெடுப்பது அந்த மாணவியின் கட்டுரை. இரு தரப்பும் இசைந்த பின்னரே வெளியிடலாம் என்று நான் கையெழுத்திட்டேன். எத்தனை நாளில் இசைய வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. நான்கு மாதமாக ஆலையிடமிருந்து பதில் இல்லை. அவர்கள் அச்சம் பொய்யன்று: 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டால் புதுமை என்ற தகுதி பெரும்பாலும் போய்விடும். ஆனால் கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரமான தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பெற்றுக்கொண்டால், முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் இருக்கிறதே. 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும் உண்டு. இதைச் சொன்னதற்கு, சீசன் கணக்கு முடியட்டும் என்கிறார்கள். அவளுடைய உதவித்தொகை டிசம்பரில் முடிகிறது. அவள் எதுவும் கேட்பதில்லை; திங்கள்தோறும் அதே கட்டுரையை மேல் பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

இரண்டாம் ஆண்டு ஒப்பந்த வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையைப் பார்க்க ஆலைக்கு 45 நாள், அதற்குள் மறுப்பு வராவிட்டால் இசைவு என்று எழுதியிருக்கிறேன். மரம் பூப்பதற்கு முன்பே கருவிக் கொள்முதல் முடிய வேண்டும் என்றும், வெந்நீர்த் தொட்டி ஆலைக்குள்ளேயே தோல் விழும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கத்தில் இருபது ஆண்டு உட்கார்ந்தவன் நீ. 45 நாளுக்கு ஆலைக்காரர்கள் ஒப்புவார்களா, அல்லது முப்பது என்று எழுதிவிட்டு நாற்பத்தைந்துக்கு ஏறி வரச் சொல்வாயா? விடுதியில் என் ஆய்வகக் குறிப்பேட்டைத் திருத்தியதுபோல் சிவப்பு மையால் கிழித்து அனுப்பு. அடுத்த திங்களுக்கு முன் வந்தால் நல்லது.

உன்,
தயிர்சாதம்